கழுத்தில் கட்டி, இரத்தத்தில் ஒரு துப்பு

(காட்சி: பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் செல்லும் ஃபெரி. மடியில் கோப்புடன் ஓர் இளம்பெண்.)

வணக்கம். என் அக்காள் மகள் ஐந்தாம் படிவம் படித்தபோது கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சளிக்கு நெறி கட்டியிருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். வந்தது பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய். அக்காள் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "பரவிவிட்டதா? இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா?"

ஓரளவு தெரியும். எவ்வளவு என்று பார்ப்போம்.

(காட்சி: பட்டாம்பூச்சி வடிவத் தைராய்டு. கழுத்தோரம் நிணநீர் முடிச்சுகள்.)

பிள்ளைகளிடமும் பதின்ம வயதினரிடமும் இந்நோய் சீக்கிரமே கழுத்து முடிச்சுகளுக்குப் போய்விடும், சிலருக்கு நுரையீரலுக்கும். கேட்டாலே நெஞ்சு அடைக்கும். ஆனாலும் பெரும்பாலோர் சிகிச்சை பெற்று நெடுநாள் வாழ்கிறார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல 2018 முதல் வழக்கிலுள்ள நிலைப் பகுப்பில், 55 வயதுக்குட்பட்டவருக்கு இந்த வகை நுரையீரல்வரை போயிருந்தாலும் இரண்டாம் நிலைதான். பெற்றோர்களே, இதை முதலில் மனத்தில் இருத்துங்கள்.

(காட்சி: மஞ்சள் மூடிக் குழாயில் இரத்தம் ஏறுகிறது.)

இரத்தத்தில் தேடுவது தைரோகுளோபுலின் என்ற புரதத்தை. தைராய்டு செல்கள்தான் அதைச் செய்கின்றன. அவற்றிலிருந்து பிறந்த புற்றுச் செல்களும் செய்கின்றன. அறுவைக்கு முன்பே அது மிக அதிகமாக இருந்தால், தொலைவுக்குப் பரவியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகிப்பார். ஆனால் சாதாரணக் கழலையிலும் தைராய்டு அழற்சியிலும் அது ஏறும். ஊசி குத்திக் கட்டியைச் சோதித்த பிறகும் சில நாள் ஏறி நிற்கும். அதனால் முடிச்சுகளைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதலில்.

சுரப்பியை முழுதாக எடுத்த பிறகுதான் இந்த எண் வாய் திறக்கிறது; அதைச் செய்யும் நல்ல செல்கள் அப்போது அநேகமாக இல்லையே.

(காட்சி: வெண்பலகை. 0.2, 0.6, 1.5. அதன்கீழ் 1.5, 0.6, 0.2.)

இரண்டு வரிசையிலும் அதே மூன்று எண்கள். மேல் வரிசை ஏறுகிறது. எங்கோ செல்கள் பெருகுகின்றனவா என்று தேட வேண்டும். கீழ் வரிசை இறங்குகிறது, பொறுத்துப் பார்க்கலாம். ஒற்றைத் தாளை வைத்து அழுவதும் சிரிப்பதும் வேண்டாம். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்; முறை மாறினால் எண்ணும் மாறும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவையும் கூடவே பாருங்கள், அது கூடினால் தைரோகுளோபுலினும் கூடும்.

இந்த எண்ணை ஏமாற்றுபவை இரண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். அப்போது பல சோதனைகளில் எண் பொய்யாகக் குறையும். அதனால் எதிர்ப்பொருளையும் சேர்த்தே அளப்பார்கள். அதுவே ஏறிக்கொண்டு போனாலும் எச்சரிக்கைதான்.

இரண்டாவது, பயோட்டின். முடி கொட்டுகிறதென்று எங்கள் பெண் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அது! சில சோதனைக் கருவிகளில் அதுவும் எண்ணைக் குறைத்துக் காட்டும். டாக்டர் நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்.

இரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகைகளின் விகிதத்தை வைத்து முடிச்சுப் பரவலை ஊகிக்கவும் ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு காய்ச்சல் வந்தாலே மாறிவிடும் கணக்கு அது. அதை மட்டும் நம்பி அறுவையை முடிவு செய்ய முடியாது.

(காட்சி: ஃபெரி கரை சேர்கிறது. கோப்பில் தேதி வாரியாக அடுக்கிய தாள்கள்.)

இன்று ஏழாவது தாள் வாங்கப் போகிறாள். பழைய ஆறும் மடியில் இருக்கின்றன.