கேஸ் ஷீட்டில் இருப்பது யார் கையெழுத்து?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் இங்கே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘செவிலியரின் பணி எல்லை விரிவது நோயாளிக்குப் பலமா, ஆபத்தா?’ இதுதான் தலைப்பு. பலமே என்று சொல்ல வந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான்.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “டாக்டர் ஐந்தரை வருஷம் படிக்கிறார். மூன்று, நான்கு வருஷம் படித்த நர்ஸ் முடிவெடுத்து, அதில் தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது?” பலத்த கைதட்டல். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணே, ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். இரவு 11 மணி பி.பி., 1 மணி நாடித்துடிப்பு, 3 மணி சிறுநீர் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருப்பது நர்ஸின் கையெழுத்து. ஏதாவது நடந்துவிட்டால் மெமோ முதலில் அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வரும். பதில் சொல்கிற பொறுப்பு எங்களிடம் எப்போதோ வந்துவிட்டது. அதற்கு ஏற்ற பயிற்சியும் உரிமையும்தான் தாமதமாக வருகின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நிறைமாத கர்ப்பிணியைக் கூட்டி வந்தார்கள். கால் முழுக்க வீக்கம், பி.பி. 160க்கு 110. பெட்டில் படுக்க வைக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் மருந்து அலமாரியில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. ஆனால் அதை நானாகப் போடலாமா, எவ்வளவு போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. டாக்டருக்குப் போன் போகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஆக்ஸிஜன் வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினேன். போகிற வழியில் இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்ததாம். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பிரசவகால அவசரப் பயிற்சி கிடைத்தது. கர்ப்பகால வலிப்பு வந்தால் அந்த மெக்னீசியம் சல்ஃபேட்டை 10 கிராம், பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம் வீதம் இரண்டு பக்கமும் ஆழமாக ஊசி போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்யலாம். நர்ஸ் இந்த முதல் டோஸைப் போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஊசி போடுவதோடு வேலை முடிவதில்லை நடுவர் அவர்களே. முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த டோஸ் கிடையாது. மருந்து அதிகமாகிவிட்டால் முறிக்க கால்சியம் குளுகோனேட் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். பணி எல்லை விரிகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எப்போது போட வேண்டும் என்பதோடு எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பது. அந்தப் பயிற்சிக்குப் பிறகு இதே மாதிரி வந்த பெண்கள் ஒருவரைக்கூட நான் வெறுங்கையோடு வண்டியில் ஏற்றியதில்லை.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, ஷிஃப்ட் முறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். கிராமத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையை விட்டு நம்பி வந்தது ராத்திரியும் ஆள் இருக்கும் அந்தக் கட்டிடத்துக்குத்தான்.

வெளிநாட்டுக் கதையையும் எதிரணி இழுத்தார்கள். சரி, பார்ப்போம். பிரிட்டனில் நர்ஸ் மருந்து எழுதலாம் என்று 1992இல் சட்டம் வந்தது. முதலில் சின்னப் பட்டியல்தான். தனிப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் திறந்துவிட்டது 2006இல். பதினான்கு வருஷம் படிப்படியாக நடந்து போனார்கள். ஆரம்ப நிலைச் சிகிச்சையில் டாக்டருக்குப் பதில் நர்ஸ் பார்த்தால் என்ன ஆகிறது என்று 18 சோதனைகளைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரன் அமைப்பின் ஆய்வு 2018இல் பார்த்தது. நோயாளிகளின் உடல்நிலை பெரும்பாலும் அதே அளவில், சிலவற்றில் சற்று மேலாகவே இருந்தது. அண்ணன் சொன்ன ஆபத்து அங்கே வரவில்லை.

நம் நாட்டிலும் பாதை போட்டாகிவிட்டது. தீவிர சிகிச்சைக்கென்று இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது கூடுதல் பொறுப்போடு சிகிச்சை பார்க்கும் நர்ஸுக்கான, முதுநிலைப் படிப்பு வந்திருக்கிறது. சுகப்பிரசவத்தை முழுக்கத் தானே கவனிக்கும் மகப்பேறு நர்ஸுக்கு 18 மாதப் பயிற்சி என்று 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. 1947ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. தகுதி இல்லாதவர் கையில் ஊசியைக் கொடுங்கள் என்று எங்கள் அணியில் யாரும் கேட்கவில்லை. படிக்க வையுங்கள், பரீட்சை வையுங்கள், பதிவு செய்யுங்கள், பிறகு அந்த வேலையைச் செய்ய விடுங்கள்.

எதிரணி அக்கா சொன்ன ஒன்றை மட்டும் மனதார ஒத்துக்கொள்கிறேன். ஒரு வார்டுக்கு ராத்திரி ஒரே நர்ஸ் இருந்தால், புதிய பொறுப்பு அவள் தலையில் இன்னொரு மூட்டைதான். 9 ஐரோப்பிய நாடுகளில் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு செய்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும் அதையே சொல்கிறது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் அக்கா, பட்டப்படிப்பு படித்த நர்ஸ்கள் அதிகமுள்ள மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆளையும் கூட்ட வேண்டும், அறிவையும் கூட்ட வேண்டும். இங்கே 2015இல் தேர்வு எழுதி வந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். உயிரைக் கையில் கொடுத்துவிட்டு இந்தச் சம்பளம் கொடுத்தது அநியாயம். அந்த அநியாயத்தைச் சரிசெய்ய எங்களோடு சேர்ந்து குரல் கொடுங்கள். அதைக் காட்டி எங்கள் படிப்பைப் பூட்டி வைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். மூன்றாவது வரிசையில் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு எட்டு மணிக்கு டியூட்டி. அவர்கள் கிளம்புவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.