ஏணியின் அடியில் ஒரு அம்புக்குறி

இளம் ஆசிரியர்களுக்கு வணக்கம். வகுப்பில் நாமே பேசி முடிக்காமல் மாணவர்களை யோசிக்க, பேச வைப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

ஒரு லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியிலேயே ஒப்பித்துவிட்டு வந்த முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். "லாரிதான் சார்" என்றவர்களே அதிகம். அந்த விதிப்படி இரண்டும் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசை சமம்.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் இதே அனுபவம். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடமே பெயர் வாங்கியவர் அவர். இந்த மாதிரிக் கேள்விகளைத் தேர்வில் வைத்தபோது ஒரு மாணவர், "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டிருக்கிறார். 1991-இல் மசூர் முறையை மாற்றினார். கொஞ்சம் சொல்வார், ஒரு கேள்வி போடுவார். தனியாக யோசித்துப் பதில் சொன்ன பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவார். அப்புறம் மறுபடியும் அதே கேள்வி.

அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை 2014-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் நூற்றுக்கு சுமார் 34 பேர் தோற்றார்கள். மாணவர்களையே யோசிக்க, பேச வைத்த வகுப்புகளில் 22 பேர். இடையில் இருக்கும் அந்த 12 பேரை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் அது அரியர், வேலைக்கான நேர்காணலுக்கே போக முடியாத நிலை, வீட்டில் அப்பாவின் மௌனம்.

மெக்கானிக்ஸ் வகுப்பில் சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கைப் பல வருடம் நானே போர்டில் போட்டு முடித்தேன். எல்லோரும் அழகாக எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள் படத்தை அவர்களையே வரையச் சொன்னேன். ஒரு பையன் தரையின் உராய்வு விசையைச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக வரைந்திருந்தான். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பையன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பையின்மேல் சாய்த்து, கையை விட்டான். ஸ்கேலின் அடி சறுக்கி வெளியே வந்தது. "அடி இந்தப் பக்கம் வருது, அப்ப உராய்வு அந்தப் பக்கம்தானே?" முதல் பையன் அம்புக்குறியை அழித்துத் திருப்பிப் போட்டான். இருபது வருடம் நான் போர்டில் போட்ட எந்த அம்புக்குறியும் இதைச் செய்ததில்லை.

"சிலபஸ் முடியாதே" என்பீர்கள். உண்மைதான், சில கணக்குகளை வீட்டுக்கு விட வேண்டியிருக்கும். பிள்ளைகளும் முதலில் முணுமுணுப்பார்கள். ஹார்வர்டிலேயே 2019-இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். அதனால் ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மாணவர்களின் மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோட வேண்டாம் என்று நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.