உறைபனி நமக்குப் புதுசா?

சரி, போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்களே, உலகமே ஒரே நாளில் உறைந்துபோகிற படம், அதை நம் தேயிலை எஸ்டேட் லயத்து வீடுகளில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காலை என் பேத்தி, "தாத்தா, நம்ம மூணாறும் அப்படி ஆயிடுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

வானத்து உச்சியிலிருந்து குளிர்காற்று இறங்கி, ஓடுகிற ஆளை நின்ற இடத்திலேயே கட்டியாக்குவது நடக்காது அம்மா. காற்று கீழே இறங்க இறங்க அமுங்கும், அமுங்கினால் சூடாகும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறிவிடும்.

ஆனால் குளிர் வேறு வழியில் வரும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகப் புகை வானத்தில் பரவி வெயிலை மறைத்ததில், அடுத்த வருடம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி விழுந்தது, ஐரோப்பாவில் விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது. உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, அதற்கே அந்தப் பாடு.

நம் செண்டுவாரை எஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரைச் சூடு அப்படியே மேலே போய்விடும். விடியும்போது தேயிலைக் கொழுந்தின் மேல் உப்புத் தூவினது போல இருக்கும், தொட்டால் விரலில் நறநறவென்று உதிரும், வெயில் ஏறியதும் அதே இலை தீயில் வாட்டினது போலக் கருகும். அப்புறம் எதைக் கிள்ளுவது, எத்தனை கிலோ நிறுப்பது? படத்தில் வராத பேரழிவு இதுதான், நம் அக்காமாருக்குத் தெரியும்.

அந்த மாதிரிப் படங்களில் ஒன்று மட்டும் எனக்கு நெஞ்சில் தைக்கும். நாலு பேர் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டு, ஒரு ரேடியோவின் கரகரப்பில் யாராவது பேசுகிறார்களா என்று காத்திருப்பார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடி எஸ்டேட் லயங்களின் மேல் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, விஷயம் வெளியே தெரிய விடிந்துவிட்டது. நம் ஜனங்கள் அந்த இருட்டில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

அதனால்தான் கேட்கிறேன், எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு வயர்லெஸ் செட் வேண்டும், கரண்ட் போனாலும் ஓடுகிற மாதிரி. மனு வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.