பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் போராட்டம் என்றதும் மைக்கும் முழக்கமும்தான் நம் நினைவுக்கு வரும். நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்தபோது உண்ணாவிரதம், மறியல் எல்லாமே நடந்தன. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய வேலையைப் பற்றி.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும், நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு இல்லாதவர்களுக்குக் கொடுத்த வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். 1968 கிறிஸ்துமஸ் அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, நாகையை உள்ளடக்கிய கீழத்தஞ்சையையே தங்கள் களமாக்கிக்கொண்டார்கள். 1981இல், உழுபவருக்கு நிலம் வாங்கித் தர, லாஃப்டி (LAFTI) அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி விலையைப் படியவைத்து, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பதிவு செய்தார்கள். பத்திரம் பெண்கள் பேரில். வங்கி, பத்திர ஆபீஸ், திரும்பவும் வங்கி... போட்டோ எடுக்க இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

தொண்ணூறுகளில் இறால் வந்தது. வயலை வெட்டிக் குட்டையாக்கி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள். உப்பு கசிந்து பக்கத்து வயலுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் போனது. தீவனமும் மருந்தும் கலந்த கழிவு வாய்க்காலில் இறங்கியது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஊரே இறங்கி வேலை பார்த்த நிலத்துக்கு இப்போது இரண்டு மூன்று காவல்காரர் போதும். கூலிக்காரப் பெண்கள் முன்வரிசையில் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். வயது எண்பதை ஒட்டி. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி (NEERI) ஆய்வு செய்து, இறாலில் வரும் வருமானத்தைவிட அதனால் வரும் நஷ்டம் பெரிது என்று அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு: கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பட்டையான கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும், விளைநிலத்தைக் குட்டையாக்கக் கூடாது. பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு.

சரி, அப்புறம்? பண்ணைகள் போய்விடவில்லை. 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று வழிவிட்டது. அப்படியானால் எல்லாம் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தீர்ப்பைச் சட்டம் போட்டுத் தளர்த்தலாம். ஆனால் பத்திரத்தை வைத்திருக்கும் பெண்ணின் வயலில் குட்டை வெட்ட வேண்டுமென்றால், இன்றைக்கும் அவள் கையெழுத்து வேண்டும்.

நன்றி, வணக்கம்.