ஜெல்லி மிட்டாய் பாக்கெட்டின் பின்பக்கம்

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது ஜெல்லி மிட்டாய் பாக்கெட். அக்கா மகள் பள்ளிக்கூட வாசலில் வாங்கியது. பின்பக்கத்தைப் பார்த்த அக்கா, "எல்லாம் நம்பராப் போட்டிருக்கு, விஷமா என்னன்னு பாருடி" என்று என்னிடம் நீட்டிவிட்டாள். எறும்பு சைஸ் எழுத்து. பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

இந்த நம்பரெல்லாம் உணவில் சேர்க்கும் பொருள்களின் அடையாள எண்கள். 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் புளிக்கிற அதே சரக்கு. 440 பெக்டின், பழத்தோலில் இருப்பது. 903 மினுமினுப்புக்குப் பூசும் மெழுகு. பிரேசிலில் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள். பனங்காட்டுச் சீமைக்காரர்கள் நாம் இதற்கு மிரளலாமா?

102, 129 மட்டும் வேறு கதை. மஞ்சள், சிவப்பு செயற்கை நிறங்கள். இங்கே அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. ஆனால் ஐரோப்பாவில் 2010 முதல், குழந்தைகளின் கவனத்தையும் துடுக்குத்தனத்தையும் இது பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எழுதியாக வேண்டும்.

சரி, நம்பரை விடுங்கள். எது அதிக எடையோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். இதில் முதலில் சர்க்கரை, அடுத்து லிக்விட் குளுக்கோஸ். முன்பக்கத்தில் படம் போட்ட பழம் கடைசி வரிசையில் நிற்கிறது. "கொழுப்பு இல்லை" என்று வேறு பெருமை. காற்றில்கூடத்தான் கொழுப்பு இல்லை!

இப்போது சத்துக் கணக்குப் போட்டிருக்கும் இந்தக் கட்டத்தைப் பாருங்கள். 100 கிராமில் மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 84, அதில் சர்க்கரை 58. நடுவில் 26 கிராம் என்ன ஆனது? அங்கேதான் லிக்விட் குளுக்கோஸ் ஒளிந்திருக்கிறது. மக்காச்சோள மாவையோ மரவள்ளி மாவையோ உடைத்துச் செய்யும் பாகு அது. அதில் அரைகுறையாக உடைந்த துண்டுகளைக் கட்டத்தில் சர்க்கரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விழுங்கியதும் உடம்பு மீதியை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கிவிடும். பாக்கெட் 25 கிராம். ஆக, உள்ளே போவது 14.5 கிராம் இல்லை, 21. ஐந்து டீஸ்பூன். பெரியவர்களுக்கே சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஆச்சி உடனே, "அதுக்குத்தான் கருப்பட்டி மிட்டாய் தின்னச் சொன்னேன்" என்றாள். அதுவும் இனிப்புதானே என்று சுகர் மாத்திரை போடுகிற ஆச்சியிடம் யார் சொல்வது? கோவில்பட்டி கடலை மிட்டாய் என்றால் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். என்னிடம் இருக்கும் பாக்கெட்டில் முதல் பெயர் கடலை, வெல்லம் அதற்குப் பிறகுதான்.

அப்புறம் தேன் மிட்டாய். அதில் தேனே கிடையாது. அரிசி உளுந்து மாவைப் பொரித்துச் சீனிப்பாகில் ஊறப்போட்டது. பாட்டிலில் எழுத்தும் இல்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிச் சாயம் ரோடமைன் பி இருந்ததென்று நம் மாநிலத்தில் தடை போட்டார்களே, அந்த நினைப்பில் தெற்கு பஜார் பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுல என்ன கலர் போட்டிருக்கு?"

"சிவப்புக் கலர்தாம்மா."

கேட்ட பாவத்துக்கு இரண்டு வாங்கினேன். சாயங்காலம் வரை நாக்கு சிவப்பு. இந்தா, பாருங்கள்.