போர் தண்ணியும் இரண்டாம் தொகுதியும்

[திரை: தண்ணி காய வைக்கிற ஹீட்டர் ராடு, ரொம்பக் கிட்டத்துல. காயில் மேல வெள்ளை ஓடு. கத்தி முனையில சுரண்டினா சில்லு சில்லாப் பெயருது.]

வணக்கமுங்க. பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணி புழங்குற வீடுகள்ல இந்த ராடைப் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க. பெயர்ந்த சில்லு மேல ரெண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்க. பொசுபொசுன்னு நுரைக்கும். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், கூடக் கொஞ்சம் மெக்னீசியம். போர் தண்ணியில துவரம்பருப்பு வேகாம நிக்கிறதுக்கும் காரணம் இவங்க ரெண்டு பேருதான். பருப்போட செல் சுவர்ல இருக்கிற பெக்டின்ங்கிற பசைப்பொருளை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. சிறுவாணித் தண்ணியில போட்டா அதே பருப்பு குழைஞ்சுரும்.

[திரை: தனிம வரிசை அட்டவணை. இரண்டாவது தொகுதி மட்டும் வெளிச்சமாகுது.]

அட்டவணையில 118 தனிமம், 18 தொகுதி, 7 தொடர். முழுசையும் மனப்பாடம் பண்றது வேலைக்கு ஆகாதுங்க. ஒரு தொகுதியை மேலிருந்து கீழ படிக்கப் பழகினாப் போதும். இரண்டாம் தொகுதி: பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். எல்லாத்துக்கும் வெளிக்கூட்டுல ரெண்டு எலக்ட்ரான். மெண்டலீவ் 1869-ல அட்டவணை போடுறதுக்கு முன்னாடியே, 1829-ல டோபரீனர்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர் இந்த உறவைக் கவனிச்சிருந்தார். கால்சியம் நிறை 40, பேரியம் 137. ரெண்டோட சராசரி 88.5. நடுவுல நிக்கிற ஸ்ட்ரான்சியம் 87.6.

ஒரே தொகுதின்னா ஒரே குணம்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க. அது பாதிதான். ஆய்வகத்துல பிழைப்பு நடக்கிறதே மீதிப் பாதியில, அதாவது கீழ இறங்க இறங்க வர்ற வித்தியாசத்துல.

நம்ம ஊர்லயே இதைப் பார்க்கலாம். கிழக்க சேலத்துல மேக்னசைட் வெட்டுறாங்க, அது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பேர்லயே ஒரு ரயில் நிலையம்கூட இருக்கு. மேற்க மதுக்கரையில சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட். மேக்னசைட் 700 டிகிரி செல்சியசுக்குள்ள கார்பன் டை ஆக்சைடை விட்டுரும். சுண்ணாம்புக்கல்லுக்கு 900 வரைக்கும் சூடு வேணும். பேரியம் கார்பனேட் 1300 தாண்டினாலும் அசையறதுக்கு யோசிக்கும். மெக்னீசியம் அயனி சின்னது, ஆரம் 72 பிக்கோமீட்டர். கால்சியம் 100, பேரியம் 135. சின்ன அயனி பக்கத்துல இருக்கிற கார்பனேட்டோட எலக்ட்ரானைத் தன் பக்கம் பலமா இழுத்து உருக்குலைக்குது. அதனாலதான் சீக்கிரம் உடையுது.

[திரை: பியூரெட், கூம்புக் குடுவை. குடுவையில ஒயின் சிவப்பு.]

இப்ப அந்த வித்தியாசத்தை வச்சே தண்ணியில கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவுன்னு பிரிப்போம். 25 மில்லி போர் தண்ணி, அதை வாலைவடிநீர் விட்டு 50 மில்லி ஆக்குங்க. அம்மோனியா பஃபர், அதாவது பி.ஹெச்.சை மாறாம வச்சிருக்கிற கரைசல், 1 முதல் 2 மில்லி, பி.ஹெச். 10 வரணும். எரியோகுரோம் பிளாக் டிங்கிற நிறங்காட்டி ஒரு சிட்டிகை. உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கிற ஈடிடிஏவை, 0.01 மோலார் கரைசலா, பியூரெட்ல இருந்து சொட்டுச் சொட்டா விடுங்க. ஈடிடிஏ முதல்ல கால்சியத்தைப் பிடிக்கும், அப்புறம் மெக்னீசியத்தை. கடைசியா நிறங்காட்டி பிடிச்சு வச்சிருக்கிற மெக்னீசியத்தையும் பிடுங்கும். அப்பத்தான் சிவப்பு முழுசாப் போய் நீலம் வரும். ஊதாவுல நிறுத்திராதீங்க, அது இன்னும் முடியலை.

கடினத்தன்மைன்னா கால்சியம், மெக்னீசியம் ரெண்டையும் கால்சியம் கார்பனேட்டாக் கணக்குப் போட்ட அளவு; இந்த அளவுக்கு ஒரு மில்லி ஈடிடிஏ லிட்டருக்கு 40 மில்லிகிராம் கடினத்தன்மை. 15.5 மில்லி ஆச்சுன்னா 620. குடிதண்ணிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்ற ஏற்கத்தக்க அளவு 200, வேற வழியில்லைன்னா 600.

அடுத்த குடுவையிலயும் அதே 25 மில்லி. பஃபருக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச். 12-க்கு மேல ஏத்துங்க. மெக்னீசியம் ஹைட்ராக்சைடா வீழ்படிஞ்சு ஒதுங்கிரும். கால்சியம் ஹைட்ராக்சைடு அதைவிட நல்லாக் கரையும், அதனால கரைசல்லயே நிக்கும். மியூரெக்சைடுங்கிற நிறங்காட்டி போட்டு உடனே ஈடிடிஏ விட்டுத் தரம்பார்த்தா இளஞ்சிவப்பு ஊதாவாகும். 6.5 மில்லின்னா கால்சியப் பங்கு 260, மிச்சம் 360 மெக்னீசியம். தனிம அளவு வேணும்னா முதல்தை 0.4-ஆலயும் அடுத்ததை 0.243-ஆலயும் பெருக்குங்க: கால்சியம் 104, மெக்னீசியம் ஏறக்குறைய 87 மில்லிகிராம்.

தப்பு எங்க வரும்? பஃபர் ஊத்திட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள கால்சியம் கார்பனேட் படிய ஆரம்பிச்சிரும். அஞ்சு நிமிஷத்துல முடிக்கணும். தண்ணியில மெக்னீசியமே இல்லைன்னா நிறமாற்றம் மங்கலாத்தான் தெரியும். அதுக்குத்தான் பஃபர்லயே கொஞ்சம் மெக்னீசியம்–ஈடிடிஏ சேர்க்கிறாங்க. செம்பு, இரும்பு கலந்திருந்தா நிறங்காட்டியை விடாமப் பிடிச்சுக்கும், நீலமே வராது. ஈடிடிஏ கரைசலைக் கண்ணாடிப் பாட்டில்ல மாசக்கணக்கா வைக்காதீங்க. கண்ணாடியில இருக்கிற கால்சியத்தையும் உருவிரும். பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி.

சல்பேட்டுகள்லயும் வரிசை இருக்கு, ஆனா ஹைட்ராக்சைடுக்கு நேர் எதிரா. மெக்னீசியம் சல்பேட், அதான் எப்சம் உப்பு, நல்லாக் கரையும். கால்சியம் சல்பேட் கொஞ்சம். பேரியம் சல்பேட் கரையவே கரையாதுன்னு வச்சுக்கலாம். சாயப்பட்டறைத் தண்ணியில சல்பேட் சோதிக்க பேரியம் குளோரைடு விடுறது அதனாலதான். முதல்ல அமிலம் சேர்க்க மறந்தா கார்பனேட்டும் வெள்ளையா வீழ்ந்து ஏமாத்திரும்.

[திரை: வாட்டர் சாஃப்ட்னர் தொட்டி, பக்கத்துல உப்பு மூட்டை.]

பக்கத்துத் தொகுதிக்கு வருவோம். கடினத்தன்மையைப் போக்குற சாஃப்ட்னர்ல இருக்கிற ரெசின், அதாவது பிசின் மணிகள், ஒரு கால்சியத்தை வாங்கிக்கிட்டு ரெண்டு சோடியத்தைக் குடுக்குது. சோடியம் முதல் தொகுதி, வெளிக்கூட்டுல ஒரே எலக்ட்ரான். அதோட கார்பனேட் நல்லாக் கரையும், அதனால ராடுல ஓடு கட்டாது. ஆனா உப்பு எங்கயும் போகலைங்க, ஆள்தான் மாறியிருக்கு. கரைஞ்ச உப்போட மொத்த அளவைக் காட்டுற டிடிஎஸ் மீட்டரை வச்சுப் பார்த்துட்டு "மிஷின் வேலை செய்யலை"ன்னு திட்டுறவங்க நிறையப் பேரு. மீட்டர் கிட்டத்தட்ட பழைய எண்ணைத்தான் காட்டும். சாஃப்ட்னரைச் சோதிக்க, அதுல இருந்து வர்ற தண்ணியில பஃபரும் ஒரு சிட்டிகை நிறங்காட்டியும் போதும். போட்ட உடனே நீலம்னா ரெசின் நல்லா இருக்கு. சிவப்புன்னா 10 சதவீத உப்புக்கரைசல் விட்டு அலச வேண்டிய நேரம்.