கடல்நீர்த் தொட்டியில் வெண்புள்ளி நோய்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலரே. ஆனாலும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. மீனின் செட்டையில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, கடையில் தந்த மருந்தை விட்டோம், சில நாளில் புள்ளிகள் மறைந்து மீன் நன்றாகத் தீனி எடுத்தது, இரண்டு வாரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் செத்துப்போயின, ஏன் என்கிறார்கள்.

புள்ளி மறைந்தது மருந்தினால் அல்ல என்பதே விடை. கிரிப்டோகரியன் எனப்படும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று வளர்ந்து, பின்னர் தானாகவே கழன்று மணலிலும் கல்லிலும் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொள்கிறது. அந்த உறைக்குள் அது பல மடங்காகப் பிரிந்து, மூன்று நாளிலோ நான்கு வாரத்திலோ, சில வேளை அதையும் கடந்தோ, நூற்றுக்கணக்கான குஞ்சுயிர்களை நீரில் விடுகிறது. நீந்தித் திரியும் இவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் இறந்துவிடும். மருந்துக்கு அகப்படுவதும் இந்தக் குறுகிய பருவத்தில்தான்; தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் மருந்து தொடுவதில்லை. கடலில் பரந்த நீர்ப்பரப்பு இவற்றைச் சிதறடித்துவிடும். நம் தொட்டியிலோ ஒவ்வொரு சுற்றிலும் அதே நான்கைந்து மீன்களே அகப்படுகின்றன.

ஆகவே புள்ளி தெரிந்தவுடன், பார்வைக்கு நலமாக இருப்பவை உட்பட எல்லா மீன்களையும் வேறொரு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அத்தொட்டியில் மணலோ கல்லோ வேண்டாம். ஒரு பஞ்சு வடிகட்டியும், மீன் ஒளிந்துகொள்ளப் பீ.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டும் போதும். பயன்படுத்தும் மருந்து செப்பு. செப்பு சல்பேற்றாயின், நீரில் செப்பின் அளவை லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, மூன்று வாரத்துக்குக் குறையாமல் பேண வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் சாகும். எனவே நீரில் செப்பின் அளவை அறியும் சோதனைப் பெட்டி இல்லாதவர் செப்பைத் தொடாதிருப்பதே மேல். பிரதான தொட்டியில் செப்பை ஊற்றுவதோ எவ்வகையிலும் ஆகாது. இறால், நத்தை, கடற்சாமந்தி எல்லாம் அதனால் மடியும். சுண்ணக்கல்லும் மணலும் செப்பை உறிஞ்சி அளவைக் குழப்பிவிடும். அத்தொட்டியை மீனில்லாமல் ஏறத்தாழ பதினொரு வாரம் விட்டுவைத்தால், பற்றுவதற்கு மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும். பதினொரு வாரமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாதியில் மீனை விட்டவர்கள்தான் மறுபடியும் கேள்வியோடு வருகிறார்கள்.

செப்புக்குப் பதிலாக உவர்ப்பைக் குறைக்கும் வழியும் உண்டு. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அதைச் சில நாளில் 15 பங்கு அளவுக்கு இறக்கிச் சில வாரம் வைத்திருந்தால் உறைகள் பெரும்பாலும் அழியும். அதற்காக வாவி நீரை அள்ளி ஊற்றிவிடாதீர்கள். அதனோடு வேறு ஒட்டுண்ணிகள் வந்து சேரும். வெல்வெற் எனப்படும் இன்னோர் ஒட்டுண்ணி நோய்க்கு இம்முறை பயன்படாது. அந்நோயில் புள்ளி சரியாகத் தெரியாது; கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் தோலின்மேல் மஞ்சள் சாயலான நுண்படலம் தென்படும். மீன் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றபடி செவுளை வேகமாக அடித்துக்கொள்ளும். அவ்வாறு கண்டால் அன்றைக்கே செப்புத் தொட்டிக்கு மாற்றுங்கள். நாளைக்கு என்று வைத்தால் மீன் இராது.

மருத்துவத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பற்றீரியா போதாமையால் அமோனியா விரைவில் சேரும். காரத்தன்மையுள்ள கடல்நீரில் அதன் நச்சும் கூடுதல். நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றி, ஈடாக ஊற்றும் நீருக்கும் அதே அளவு செப்பைச் சேருங்கள். கல்லடிக் கடற்கரையில் நீர் அள்ளுவோர், மாரியில் வாவியின் முகத்துவார மணல்திட்டு வெட்டுண்டு வெள்ளம் கடலில் கலக்கும் நாட்களில் அள்ளாதிருப்பது நல்லது. அப்போது கரையோர நீர் கலங்கி, உவர்ப்பும் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் தொட்டி நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் அதில் ஒட்சிசன் குறையும்; செவுளில் ஒட்டுண்ணி ஏறிய மீன் அந்தக் குறையைத் தாங்காது. மின்வெட்டு வேளைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இவ்வளவு சிரமத்தையும் தவிர்க்க விரும்புவோர், கடையில் வாங்கினாலும் கடலில் பிடித்தாலும், புதிய மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள். அத்தொட்டிக்கெனத் தனி வலையும் தனி வாளியும் வையுங்கள். ஈர வலையிலேயே நோய் கடந்துவிடும். செப்புக் கலந்த நீரை வாவியிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். நோயுற்ற மீனை இரக்கப்பட்டுக் கடலில் விடவும் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.